தூண்கள் போன கோவிலும் போக முடியாத கோவிலும்

செஞ்சிக்கு ரயில் கிடையாது, குழந்தைகளே! திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை போடத் திட்டம் உண்டு. ஆனால், ரயில்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க நினைப்பவர்கள் திண்டிவனத்திலோ, விழுப்புரத்திலோ, திருவண்ணாமலையிலோ ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். மூன்றில் திண்டிவனம்தான் பக்கம். சுமார் 28 கிலோமீட்டர்.

நானும் என் கணவரும் 1986ல் போனபோது, வேண்டுமென்றே தள்ளியிருக்கும் விழுப்புரத்தில் இறங்கினோம். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

நாங்கள் இருவருமே பள்ளி ஆசிரியர்கள். பரீட்சை முடிந்து விடுமுறை விட்டால் போதும்... ஆளுக்கொரு கான்வாஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு பழைய கோவிலைத் தேடி ரயில் ஏறிவிடுவோம். பெரியவர்கள் முதுகில் பை மாட்டிப் போவது அப்போது எங்கள் தெருவுக்கே வேடிக்கை. 'டீச்சர், பட்டாளத்தில சேரப் போறீங்களா?' என்று பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்பான். பைக்குள் மாற்றுத்துணி, போர்வை, டார்ச் லைட், புளிசாதப் பொட்டலம். அவர் பையில் கூடுதலாக ஓர் அளவு நாடா. என் பையில் வரைபட நோட்டு. அவர் அளப்பார், நான் வரைவேன். சண்டை வராமல் இருக்க அது நல்ல ஏற்பாடு!

அந்த நாளில் சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு மீட்டர் கேஜ் ரயில்தான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர் இடைவெளி. இப்போது நீங்கள் போகும் அகலப்பாதையில் அது 1.676 மீட்டர். பெட்டி ஒடுக்கமாக இருக்கும், ஆட்டமும் ஜாஸ்தி. ஆனால், ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் நாம்தான் ராஜா. செங்கல்பட்டு வருவதற்கு முன் கொளவாய் ஏரியை ஒட்டியே ரயில் போகும். அங்கே மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள்.

சரி, விழுப்புரத்தில் ஏன் இறங்கினோம்? மண்டகப்பட்டுக்காக!

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். பஸ்சை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால், ஒரு பாறைக் குன்று. அதன் வடக்கு முகத்தில் ஒரு குகைக் கோவில். கோபுரம் இல்லை. மதில் இல்லை. மணிச் சத்தம் இல்லை. முன்னால் இரண்டு பருத்த தூண்கள். மேலேயும் கீழேயும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு துவாரபாலகர்கள். உள்ளே வரிசையாக மூன்று சின்ன அறைகள். மூன்றும் காலி!

'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தே?' என்றார் என் கணவர்.

அங்குள்ள ஒரு வடமொழிக் கல்வெட்டின் பொருளை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன். விசித்திரசித்தன் என்ற அரசன், பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோவிலை அமைத்தான். அதை எப்படி அமைத்தானாம்? செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது! இப்போது புரிகிறதா, அறைகள் ஏன் மூன்று என்று?

விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர். காலம், 7ம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவர்கள் குடைந்த கோவில்களில் இதுதான் முதலாவது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதுவரை கோவில் என்றால் அந்த நான்கு பொருட்களால்தான். மரத்தைக் கரையான் தின்னும். செங்கல் உதிரும். சுண்ணாம்பு கரையும். உலோகத்தை உருக்கி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ராஜா கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. 1,400 ஆண்டுகள் ஆகிவிட்டன, அந்த இரண்டு தூண்களும் இன்னும் நிற்கின்றனவே!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். கட்டுவது என்பது கூட்டல். கல்லோடு கல்லைச் சேர்த்துக்கொண்டே போகலாம். குடைவது என்பது கழித்தல். வேண்டாத பாறையை எடுத்துவிட்டால், வேண்டிய தூண் மிஞ்சும். கூட்டலில் ஒரு கல் சரியில்லை என்றால் வேறு கல் வைக்கலாம். கழித்தலில் உளி ஓர் அங்குலம் கூடுதலாகப் போய்விட்டால், போனது போனதுதான். துவாரபாலகரின் மூக்கை ஒட்டவைக்க முடியாது.

எப்படிக் குடைந்தார்கள் என்று பார்க்க ஆசையா? மாமல்லபுரத்தில் பாதியில் விட்டுவிட்ட குகைகளைப் பாருங்கள். பாறை முகத்தில் சதுரக் கட்டங்கள் தெரியும். கட்டங்களைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் துண்டுகளை உடைத்தெடுத்து, மறுபடியும் கட்டம் போட்டு... இப்படியே உள்ளே உள்ளே போயிருக்கிறார்கள். எல்லாம் கையால் அடித்த உளிதான்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போய்விட்டோம். மறுநாள் காலையில் இரண்டு வாடகை சைக்கிள்கள். ஊருக்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில் சிங்கவரம். மலைமேல் படியேறிப் போனால், ரங்கநாதர் பள்ளிகொண்ட குகைக் கோவில். பெருமாளின் நீளம் சுமார் 24 அடி! அதுவும் வேறு எங்கோ செதுக்கிக் கொண்டு வந்து வைத்த சிலையல்ல. அதே பாறையில் குடைந்தது. தேசிங்கு ராஜா போருக்குப் புறப்பட்டபோது பெருமாள் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், தேசிங்கு ராஜா 1714ல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு போரிட்டு, இளம் வயதிலேயே மாண்டது மட்டும் வரலாறு.

பழைய செஞ்சி என்கிற மேலச்சேரியில் இன்னொரு பல்லவர் குகை. இங்கே சிவலிங்கமும் அதே பாறையிலிருந்து எழுந்தது. கருவறையைக் குடையும்போதே, நடுவில் லிங்கத்துக்கு வேண்டிய கல்லை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நிதானம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இப்படிச் சுற்றிய நாட்களில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குகைக் கோவிலில் (ஊர் பெயர் வேண்டாம்) துவாரபாலகரின் தோளில், ஆணியால் அழுத்தி, ஒரு பையனின் பெயரும் 'எட்டாம் வகுப்பு அ பிரிவு' என்றும் கீறியிருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. நோட்டில் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். அதை என்ன போட்டுத் தேய்த்து அழிப்பது? தேய்த்தால் தோளும் சேர்ந்தல்லவா போகும்? கழித்தல் கணக்கில் அவனும் ஒரு கை போட்டுவிட்டான்.

மூன்றாம் நாள்தான் கோட்டைக்குப் போனோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் சேர்த்துச் சுற்றி வளைத்த மதில் இது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சிவாஜி 1677ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது என்றால், கோட்டையின் பலத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். 2025ல் யுனெஸ்கோ, மராட்டியர்களோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில்; மிச்சம் ஒன்று, நம்ம செஞ்சி!

காலையிலேயே மலை ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். குரங்குகளுக்குச் சோற்றுப் பொட்டலத்தின் வாசனை நன்றாகத் தெரியும், ஜாக்கிரதை.

மலையடிவாரத்தில் வெங்கடரமணர் கோவில் இருக்கிறது. 16ம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. உயரமான கோபுரம், வாசலில் ராமாயணக் காட்சிச் சிற்பங்கள், பெரிய பிராகாரம் எல்லாம் உண்டு. மண்டகப்பட்டைப் போல நூறு மண்டகப்பட்டு அதற்குள் அடங்கும். ஆனால், உள்ளே ஒரே அமைதி. என் கணவர் வழக்கம்போல நாடாவை எடுத்துக்கொண்டு தூண்களை எண்ண ஆரம்பித்தார்.

காவலாளி சிரித்தார். 'எண்ணாதீங்க சார், கணக்கு சரியா வராது. நல்ல தூணெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போயிருச்சு' என்றார்.

நிஜம்தான். 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தார்கள். 1761ல் ஆங்கிலேயர்களிடம் இழக்கும்வரை அவர்கள் கையில்தான் கோட்டை. அப்போது இந்தக் கோவிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களைக் கழற்றித் தங்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். லாரியும் இல்லாத, ரயிலும் இல்லாத காலம் அது! கூட்டிக் கட்டியதைக் கழற்றிவிட முடியும், பார்த்தீர்களா? சிங்கவரத்துப் பெருமாளையோ, மண்டகப்பட்டுத் தூணையோ எந்தப் படை வந்தாலும் அப்படி எடுத்துப் போயிருக்க முடியாது. எடுப்பதென்றால் மலையையே அல்லவா எடுக்க வேண்டும்?

'அப்போ பாண்டிச்சேரிக்கும் போயிட்டு வந்துடலாமே' என்றார் என் கணவர். கையில் மீதி இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். போதும்போல இருந்தது. மறுநாள் பஸ்சில் விழுப்புரம். அங்கிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை ரயில். அந்தப் பாதை 1879ல் போட்டது. தூண்கள் போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு!

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைப் பார்த்திருக்கிறீர்களா? அதைச் சுற்றிலும் உயரமாக நிற்கின்றனவே, அவைதான் செஞ்சித் தூண்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரே கல். பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தூணைப் பார்க்கத்தான் யாருமில்லை. என் கணவர் நாடாவை வெளியே எடுத்தார். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒரு பார்வை பார்த்தார். நாடா மறுபடியும் பைக்குள் போய்விட்டது. நான் மட்டும் உட்கார்ந்து ஒரு தூணை வரைந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மண்டகப்பட்டுத் தூண், குட்டையாக, பூவேலை எதுவும் இல்லாமல். சில பக்கங்கள் தள்ளிப் புதுச்சேரித் தூண்.

நீங்கள் அங்கே போனால் தூண்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கும்.