திறந்து கிடக்கும் நீச்சல் குளங்கள்

வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்க, 2017 ஏப்ரலில் தெர்மகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டதும், காற்றில் அவை கரை ஒதுங்கியதும் இன்றளவும் நகைச்சுவையாகவே நினைவுகூரப்படுகின்றன. தீர்வு பிழையானது, கேள்வி சரியானது. வெயிலில் திறந்து கிடக்கும் நீரில் எவ்வளவு நாள்தோறும் காற்றில் கலக்கிறது? வீட்டு நீச்சல் குளம் வைத்திருப்போரும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் குறைந்தால், அது ஒரு லிட்டர். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் குறைவதாகக் கொண்டால், இழப்பு 192 லிட்டர். மாதத்துக்கு 5,760 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர் வழங்கலுக்குக் கொள்ளப்படும் அளவுகோல். அதாவது, யாரும் இறங்காத நாளிலும் அக்குளம் ஒரு மனிதரின் பங்கைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது.

இதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள ஈரக்காற்றை வீசும் காற்று அகற்றிவிடுவதால், அவ்விடத்துக்கு வரும் வறண்ட காற்று மேலும் ஆவியை ஏற்கிறது. பகலில் சூடேறிய நீர் இரவிலும் ஆவியாகிறது.

குறைவது ஆவியாதலாலா, கசிவாலா என்பதை ஒரு வாளியைக் கொண்டே அறியலாம். வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மழையில்லாத ஒரு நாள், யாரும் குளத்தில் இறங்காமலும் புதிதாக நீர் விடாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் ஆவியாதல். குளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு.

கசிவைப் பழுதுபார்ப்பவர்கள்கூட ஆவியாதலை இயற்கையென்று விட்டுவிடுகின்றனர். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை விரிப்பால் மூடினாலே இழப்பின் பெரும்பகுதி நின்றுவிடும். ஆயினும் பலர் மூடுவதில்லை. காரணம், நீரின் விலை. ஆழ்துளைக் கிணற்று நீருக்கு நாம் தருவது பெரும்பாலும் மோட்டாரின் மின்கட்டணம் மட்டுமே. பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறங்கும் நீர்மட்டம் எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது: பயன் ஒருவருக்கு, செலவு ஊருக்கு.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. குளம் வைத்திருப்பது குற்றமன்று. ஆனால், புதிய குளங்களுக்கு அனுமதி வழங்கும்போது மூடுவிரிப்பைக் கட்டாயமாக்குவதில் தயக்கம் தேவையில்லை.