காதால் படிக்கும் விஞ்ஞானம்

அடுப்படி வேலை செய்துகொண்டே வானொலி கேட்பது நம் உம்மாமார் காலத்துப் பழக்கம். முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' ஒலித்துக்கொண்டிருக்கும், கை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். இப்போது அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. வேண்டிய நேரத்தில் போட்டுக் கேட்கக்கூடிய குரல் நிகழ்ச்சிக்குப் 'பொட்காஸ்ட்' என்று பெயர். 2004ஆம் ஆண்டு லண்டன் பத்திரிகையாளர் ஒருவர் தம் கட்டுரையில் எழுதிய சொல், அப்படியே நிலைத்துவிட்டது.

விஞ்ஞானத்தை எழுதுவதும் அதை இப்படிக் குரலில் சொல்வதும் ஒரு தொழில். அதுவும் பெண்கள் சிறப்பாகச் செய்யும் தொழில். நம் வீடுகளில் உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளையிடம் "டொக்டரா, டீச்சரா?" என்று இரண்டே கேள்விதான் கேட்கிறோம். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, சகோதரிகளே.

மீரா செந்திலிங்கம் என்ற பெயரைக் கேட்டதுமே தமிழ் வேர் தெரிந்துவிடும். பிரித்தானியாவில் பணியாற்றும் விஞ்ஞானப் பத்திரிகையாளர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விஞ்ஞானத் தொடர்பாடலும், பின்னர் வேறொரு கல்லூரியில் தொற்றுநோய்க் கட்டுப்பாடும் படித்தவர். கேம்பிரிட்ஜில் டொக்டர் கிறிஸ் ஸ்மித் தொடங்கிய 'நேக்கட் சயன்டிஸ்ட்ஸ்' என்ற நிகழ்ச்சியில் குரல் கொடுத்தார். (பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். விஞ்ஞானம் போர்த்தியிருக்கும் கடினமான சொற்களைக் களைந்துவிட்டுப் பேசுவோம் என்பதுதான் பொருள்.) பின்னர் பிரித்தானிய இரசாயனவியல் சங்கத்தின் சஞ்சிகைக்காக, சில நிமிடங்களில் ஒரு மூலகத்தின் அல்லது ஒரு சேர்வையின் கதையைச் சொல்லும் தொடரை நடத்தினார். சீ.என்.என். நிறுவனத்தில் சுகாதாரச் செய்திகளைப் பார்த்தார். சின்னமுத்து முதல் கொரோனா வரையான கொள்ளை நோய்களைப் பற்றி 2020இல் ஒரு நூலும் எழுதினார்.

இவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது? ஓர் ஆய்வு வெளிவருகிறது. அதை முழுதாக வாசிக்க வேண்டும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எலியிலா மனிதரிலா, யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆய்வு செய்தவரிடம் பேசியபின், அந்த ஆய்வில் சம்பந்தமே இல்லாத இன்னொரு விஞ்ஞானியிடம் "இது சரியா?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது ஆளைத் தேடிப் போவதில்தான் பத்திரிகையாளர் வேறு, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புகிறவர் வேறு என்று ஆகிறது. அதன் பிறகுதான் ஒலிவாங்கி.

இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கை முஸ்லிம் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. ஆனால் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். கபனிட்டுத் தொழுவித்து நல்லடக்கம் செய்ய வேண்டிய ஜனாஸாக்கள் தீக்குப் போயின. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

ஒரு விஞ்ஞானப் பத்திரிகையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளியது: இறந்த உடலில் வைரஸ் பெருகுமா? நீர் மூலம் யாருக்காவது தொற்றியதா? 2003இல் சார்ஸ் நோயின் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் மலிக் பீரிஸ், கண்டியில் பிறந்தவர், பேராதனையில் படித்தவர், இதற்குப் பதில் சொன்னார். இது நீரால் பரவும் நோயல்ல, உயிருள்ள உடலில்தான் வைரஸ் பெருகும், முறையாகச் சுற்றி ஆழப் புதைத்தால் நீரில் கலக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று விளக்கினார். அந்த விளக்கம் சிங்களத்திலும் தமிழிலும் வீடு வீடாகப் போயிருந்தால்! 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த ஜனாஸாக்களுக்கு அதனால் என்ன?

நமது ஊவாவிலேயே இன்னொரு பாடம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, குடியேறப் பாதுகாப்பான வீடு எங்கும் இருக்கவில்லை. மக்கள் மீது பழி போடுவது நியாயமல்ல. ஆனால் அந்தக் காகிதம் ஏன் ஒன்பது ஆண்டுகள் தலைப்புச் செய்தியாகவில்லை என்று கேட்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பெய்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்ணில் புதைந்தது.

ஆகவே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையடிவாரத்திலிருந்து ஒரு பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரலாமா? தாராளமாக வரலாம். விஞ்ஞானப் பாடம் வேண்டும், ஆங்கில வாசிப்பு வேண்டும், தமிழும் சிங்களமும் நாவில் வேண்டும். மூன்று மொழி நம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான். பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியது. பேட்டி காண விஞ்ஞானிகள் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். பெரிய கலையகம் தேவையில்லை. துணி நிறைந்த அலுமாரிப் பக்கம் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும், கைத்தொலைபேசியிலேயே பதியலாம். வருமானம் தொடக்கத்தில் குறைவு. அதை மறைக்க வேண்டாம்.

முதல் நிகழ்ச்சிக்கு விடயம் தேடி அலையவும் வேண்டாம். மலை சரியுமுன் காட்டும் அடையாளங்களைச் சொல்லட்டும்: நிலத்திலும் சுவரிலும் புதிதாக விழும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கிளம்பும் அல்லது கலங்கும் ஊற்று, திறந்து மூட முடியாமல் இறுகும் கதவு. மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. ஐந்து நிமிடம் போதும். மழைக்காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.