பில்லூர் கரையில் டென்ட் போடும் முன்

கோவைக்கு வடக்கே காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலையேறினால் பில்லூர் அணையின் தேக்கம். அதன் கரையிலுள்ள பரளிக்காட்டில் வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. பரிசல் ஓட்டுவதும் மதிய விருந்து சமைப்பதும் அங்குள்ள பழங்குடி மக்கள். முன்பதிவு அவசியம். இரவு தங்க நினைப்பவர்களுக்குப் பக்கத்துப் பூச்சமரத்தூரில் வனத்துறையின் தங்குமிடம் இருக்கிறது.

‘ஏரிக்கரையில் டென்ட், கேம்ப் ஃபயர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அழைப்புகள் வேறு ரகம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூட்டிப்போனவர் மேல் மட்டுமல்ல, கூடப்போனவர் மேலும் வழக்கு வரும்.

வழக்கைவிடப் பெரியது உயிர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் மாண்டார்கள்; ஈரோடு, திருப்பூரிலிருந்து மலையேறப் போனவர்களும் அந்தத் தீயில் சிக்கினார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கிய இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அந்த விடுதியை மாவட்ட நிர்வாகம் மூடியது அதன் பிறகுதான். பில்லூர்க் கரையும் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம். ஈரம் காயாத லத்தியும் ஒடித்துப்போட்ட மூங்கிலும் கண்ணில் பட்டால், அது அவற்றின் வழித்தடம் என்று தெரிந்துகொள்ளலாம்; அங்கே நிற்கக்கூடாது.

அணைக்குக் கீழே பவானிக் கரையில் தங்குவது இன்னும் மோசம். அணையின் உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியை எட்டினாலே உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். நீலகிரியில் மழை கொட்டும், மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிக்கும், முழங்கால் அளவு தண்ணீர் திடீரென ஆளை இழுத்துப்போகும்.

பணம் கட்டுமுன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்பது பயணியின் உரிமை. பரிசலில் குழந்தைக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை உண்டா, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸுக்கு என்ன ஏற்பாடு, இதையெல்லாம் தயங்காமல் கேட்க வேண்டும். மழுப்பினால் முன்பணம் கொடுக்கவே கூடாது.

ஏமாந்துவிட்டால் ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதி வாங்கியிருந்தாலும், நடத்தியவரின் அலட்சியத்தால் விபத்து நேர்ந்திருந்தால் இழப்பீடு கேட்க அந்தக் கையெழுத்து தடையாகாது.