லேஸ் பொய்முடியின் முன்முடிக்கோடு

லேஸ் பொய்முடி என்பது மெல்லிய வலைத்துணியில் முடியிழைகளைக் கையால் முடிந்து செய்யப்படும் செயற்கைத் தலைமுடி ஆகும். பேச்சு வழக்கில் பொய்முடியானது விக் என்றும் டோப்பா என்றும் அழைக்கப்படுகின்றது. நெற்றித் தோலும் தலைமுடியும் சந்திக்கும் எல்லை முன்முடிக்கோடு எனப்படும். பொய்முடியின் முன்விளிம்பு இருபக்க ஒட்டுநாடாவினால் நெற்றியில் ஒட்டப்படும்போது, அவ்வெல்லையை இயற்கையானதாகத் தோன்றச் செய்வதே இந்நுட்பத்தின் மிகக் கடினமான பகுதியாகக் கருதப்படுகின்றது.

மரபுவழி வழுக்கை, புழுவெட்டு, தீக்காயம், புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சை ஆகியவற்றால் முடி இழந்தோரும், திரைப்பட, நாடகக் கலைஞர்களும் லேஸ் பொய்முடியைப் பயன்படுத்துகின்றனர். பார்ப்பவரின் கண் முதலில் முகத்தையே நாடுவதால், உச்சியிலோ பிடரியிலோ உள்ள குறைகள் கவனிக்கப்படாமல் போகலாம். நெற்றியோரத்தில் உள்ள சிறு குறை உடனே புலப்பட்டுவிடும். வெப்பமும் ஈரப்பதமும் மிக்க தமிழ்நாட்டின் கரையோர மாவட்டங்களில் வியர்வை இச்சிக்கலை மேலும் கடினமாக்குகின்றது.

இயற்கையான முன்முடிக்கோட்டின் இயல்புகள்

இயற்கையான முன்முடிக்கோடு உண்மையில் ஒரு கோடு அன்று. அது அடர்த்தி படிப்படியாகக் கூடும் ஒரு குறுகிய பட்டை ஆகும். அதன் முக்கிய இயல்புகள் பின்வருமாறு:

* முதல் வரிசையில் நிறம் குறைந்த, மிக மெல்லிய பூனைமுடிகள் காணப்படும்.
* அடுத்து, ஒரு மயிர்க்காலில் ஒரு முடி வீதம் தனித்தனியே முளைக்கும். இரண்டு, மூன்று முடிகள் கொத்தாக முளைப்பது அதற்குப் பின்னரே தொடங்கும்.
* எல்லை நேராக இராது. சிறு மேடுகளும் உள்வளைவுகளும் கொண்டு, இடமும் வலமும் சற்று வேறுபட்டிருக்கும்.
* முடி தோலிலிருந்து செங்குத்தாக எழாமல் முன்நோக்கிச் சாய்ந்து எழும். பொட்டுப் பகுதியில் அது கீழ்நோக்கித் திரும்பும்.
* வயது ஏற ஏற, குறிப்பாக ஆண்களில், நெற்றியின் இரு மூலைகளிலும் முடி பின்வாங்கும்.

மலிவான பொய்முடிகளில் இவ்வியல்புகள் எவையும் இருப்பதில்லை. அவற்றின் முன்விளிம்பில் தடித்த முடி ஒரே அடர்த்தியில் ஒரே நேர்க்கோட்டில் தொடங்குவதால், அது தொப்பியின் விளிம்பு போலத் தோன்றுகின்றது. ஒழுங்கைக் குறைத்தால்தான் இயற்கைத் தோற்றம் கிடைக்கும் என்பதே இந்நுட்பத்தின் அடிப்படை.

மேடையிலிருந்து திரைக்கு

தமிழக நிகழ்த்துகலைகள் முன்முடிக்கோட்டுச் சிக்கலை நீண்டகாலமாக மறைப்பின் மூலமே தீர்த்து வந்துள்ளன. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதித் தெருக்கூத்தில் அரச வேடங்களுக்கான கிரீடம் நெற்றியோரத்தை மூடிவிடும். பரதநாட்டியத்தில் சவுரி பின்னலோடு இணைக்கப்படுகின்றது. முன்புறத்தில் நெற்றிச்சுட்டியும், சூரியப்பிறை, சந்திரப்பிறை ஆகிய அணிகளும் வகிட்டையும் நெற்றியோரத்தையும் அலங்கரிக்கின்றன. மாமல்லபுரத்தில் டிசம்பர், சனவரி மாதங்களில் நடைபெறும் நாட்டிய விழாவில் ஆடுவோரிடம் இவ்வணிகளைக் காணலாம்.

மேடை நாடகத்தில் பார்வையாளர் தொலைவில் அமர்வதால் பொய்முடியின் விளிம்பு பெரிதாகத் தெரிவதில்லை. 'அவ்வையார்' நாடகத்தில் மூதாட்டி வேடமேற்ற டி. கே. சண்முகம், அவ்வை சண்முகம் என்றே அழைக்கப்படும் அளவுக்குப் புகழ்பெற்றார். திரைப்படத்தின் அண்மைக் காட்சி இத்தொலைவை இல்லாமற் செய்தது. முகம் திரை முழுவதும் நிறைந்தபோது விளிம்பை மறைப்பது போதாமற்போயிற்று. விளிம்பே தெரியாமல் இருக்க வேண்டியதாயிற்று. முன்புறம் மட்டும் வலைத்துணி வைத்துக் கையால் முடியப்பட்ட பொய்முடிகள் ஆலிவுட்டில் பரவியமைக்கு இதுவே காரணம். சண்முகத்தின் பெயரை நினைவூட்டும் 'அவ்வை சண்முகி' (1996) திரைப்படத்தில் கமல்ஹாசனின் மூதாட்டித் தோற்றத்தை அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் உருவாக்கினார்.

அமைப்பு

லேஸ் பொய்முடியின் அடித்தளம் நைலான் அல்லது பாலியெசுட்டர் இழைகளால் ஆன வலைத்துணி ஆகும். சுவிசு லேஸ் எனப்படும் வகை மிக மெல்லியது; எளிதில் கிழியக்கூடியது. பிரெஞ்சு லேஸ் எனப்படும் வகை சற்றுத் தடித்தது; நீண்டநாள் உழைக்கும். இதனால் பல பொய்முடிகளில் நெற்றிப் பகுதிக்கு மட்டும் மெல்லிய வலையும், மற்றப் பகுதிகளுக்கு உறுதியான வலை அல்லது பாலியூரித்தேன் படலமும் பயன்படுத்தப்படுகின்றன.

சிறு கொக்கி ஊசியினால் முடியிழை வலைக்கண்ணுள் இழுக்கப்பட்டு முடிச்சிடப்படுகின்றது. இரட்டை முடிச்சு உறுதியானது. ஆனால் கருமுடியில் அது கரும்புள்ளியாகத் தெரியும். எனவே முன்வரிசைகளில் ஒற்றை முடிச்சும், பின்னால் இரட்டை முடிச்சும் இடப்படுவது வழக்கம். முன்வரிசை முடிச்சுகள் ஐதரசன் பெராக்சைடு கலந்த வெளிற்றுப் பசையினால் நிறம் நீக்கப்படுகின்றன. இப்பசை அளவுக்கு மிஞ்சினால் முடி வலுவிழந்து உதிரத் தொடங்கும். நன்கு செய்யப்பட்ட பொய்முடிகளில் விளிம்பின் அடிப்பக்கத்திலும் ஒருசில முடிகள் முடியப்பட்டு வலையின் ஓரம் மறைக்கப்படும்.

சந்தையில் கிடைக்கும் வலைகள் பலவும் வெளிர்நிறத் தோலுக்கு ஏற்றவை. மாநிறத் தோலின்மீது அவை சாம்பல் பூத்தாற்போல் தெரியும். இதைத் தவிர்க்க வலைப்பகுதி தேயிலைச் சாற்றிலோ துணிச் சாயத்திலோ நனைத்து நிறமூட்டப்படுகின்றது. வலையின் அடிப்புறத்தில் தோல்நிற ஒப்பனைப் பொடி தடவுவதும் உண்டு.

ஒட்டுநாடாவும் ஒளியியலும்

ஒட்டுநாடா என்பது மெல்லிய படலம் ஒன்றின் இருபுறமும் அழுத்தத்தால் ஒட்டும் அக்ரிலிக் பசை பூசப்பட்ட நாடா ஆகும். அது இரு வகையில் தன்னை வெளிக்காட்டுகின்றது. முதலாவது, அதன் வழவழப்பான பரப்பு வலைக்கண்களின் ஊடாக மின்னுவது. இரண்டாவது, அதன் தடிப்பு நெற்றியில் சிறு படி போல நிழல் தருவது.

ஆயினும் பசை வலையை மறைக்கவும் உதவுகின்றது. ஈரமான வெள்ளை வேட்டி உடலோடு ஒட்டும்போது ஒளி ஊடுருவுவதை எல்லோரும் கண்டிருப்பர். நூலுக்கும் காற்றுக்கும் இடையே ஒளிவிலகல் எண் பெரிதும் வேறுபடுவதால் உலர்ந்த துணி ஒளியைச் சிதறடிக்கின்றது. இடைவெளியை நீர் நிரப்பியதும் அவ்வேறுபாடு குறைகின்றது. இதுபோலவே, நைலானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53; அக்ரிலிக் பசையினது ஏறத்தாழ 1.47, காற்றினது 1. வலையிழைகளைப் பசை முழுமையாகச் சூழ்ந்தால் வலை கண்ணுக்கு மறையும். இடையில் காற்றுக்குமிழ்கள் தங்கினாலோ வியர்வை புகுந்து பசை கலங்கினாலோ விளிம்பு வெண்மையாகத் தெரியும். எனவே நாடாவை நன்றாக அழுத்திக் காற்றை வெளியேற்றுவது தோற்றத்திற்கும் இன்றியமையாதது.

ஒட்டும் முறை

* இடத்தைத் தேர்தல்: புருவத்திற்கு மேல் ஏறத்தாழ நான்கு விரல் அகலம் என்பது தொடக்க அளவாகக் கொள்ளப்படுகின்றது. புருவங்களை உயர்த்தும்போது நெற்றியில் தோன்றும் மிக மேலான சுருக்கத்திற்கும் மேலேயே விளிம்பு அமைய வேண்டும். அதற்குக் கீழே ஒட்டினால் நெற்றித்தசை அசையுந்தோறும் நாடா பெயரும். இளமைத் தோற்றம் கருதி விளிம்பைத் தாழ்த்துவது மிகப் பரவலான தவறு ஆகும்.
* விளிம்பை வெட்டுதல்: மிகுதி வலையை நேராக வெட்டாமல் சிறு நெளிவுகளாக வெட்ட வேண்டும். முதல் முடிச்சுகளுக்கு முன் 1 முதல் 2 மில்லிமீட்டர் வலை விடப்படாவிட்டால் முடிச்சுகள் அவிழும்.
* தோலைத் தயார்செய்தல்: நெற்றி வழலையால் கழுவப்பட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் எண்ணெய்ப்பசை நீக்கப்படுகின்றது. தோல் முற்றிலும் உலர்ந்து, வியர்வை அடங்கிய பின்னரே ஒட்ட வேண்டும்.
* நாடாவை இடுதல்: ஒரே நீள நாடாவை வளைத்தால் மடிப்பு விழும். வளைவாக வெட்டப்பட்ட துண்டுகளோ, அருகருகே வைக்கப்பட்ட சிறு துண்டுகளோ நெற்றியின் வளைவுக்குப் பொருந்தும். ஒளி மின்னாத மங்கல் வகை நாடா முன்புறத்திற்கு ஏற்றது.
* விளிம்பைப் படியவைத்தல்: நாடாவை விளிம்பிலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் பின்தள்ளி வைத்து, எஞ்சிய ஓரத்தைத் திரவப் பசையின் மெல்லிய பூச்சினால் ஒட்டுவது ஒரு முறை. இதனால் நாடாவின் படி போன்ற நிழல் முடிக்குப் பின்னால் மறைந்துவிடும்.
* முடியைக் குறைத்தல்: முதல் வரிசைகளில் சில முடிகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் இடுக்கியால் நீக்கப்படுகின்றன. நீக்கிய முடியைத் திரும்ப வைப்பது எளிதன்று என்பதால் இது சிறிது சிறிதாகவே செய்யப்படும்.

முழுமையாகப் பின்னோக்கி வாரும் பாணி விளிம்பு முழுவதையும் வெளிக்காட்டும். பக்கவகிடு எடுத்துச் சில முடிகளை நெற்றிமேல் விழவிடும் பாணி குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒட்டிய பின் பகல் வெளிச்சத்தில், ஒரு முழத் தொலைவில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அதைவிட அருகில் நின்று பிறர் நெற்றியை ஆராய்வது அரிது.

கரையோர வெப்பச் சூழலில்

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களையும் அச்சரப்பாக்கம் போன்ற உள்பகுதி ஊர்களையும் கொண்டது. கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடுவதில்லை. உட்பகுதியில் கத்திரி வெயில் வியர்வையைப் பெருக்குகின்றது. குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் நிலைக்கும் நாடா இங்குச் சில நாட்களிலேயே ஓரம் பெயரக்கூடும்.

அச்சரப்பாக்கத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு வியர்வையுடன் தலைக்கவசமும் சேர்ந்துகொள்கின்றது. கவசத்தைக் கழற்றும்போது அதன் உள்பஞ்சு விளிம்பை உராய்ந்து மேலே தூக்கும். இடையில் மெல்லிய பருத்தித் துணி அணிவது உராய்வைக் குறைப்பதோடு வியர்வையையும் உறிஞ்சும். கவசத்தைத் தவிர்ப்பது தீர்வாகாது.

அன்றாடப் பழக்கங்கள் சிலவும் விளிம்பைப் பாதிக்கின்றன. தேங்காயெண்ணெய் பசையை இளக்கும் என்பதால் அதை விளிம்பருகே தடவலாகாது. திருநீறு பூசும்போது அதன் துகள்கள் வெளித்தெரியும் பசையில் படிந்து வெள்ளைக் கோடாக நிற்கும். நெற்றியின் நடுவே, விளிம்பிலிருந்து விலகி இடுவதன் மூலம் இதைத் தவிர்க்கலாம்.

தோல் நலம்

இயற்கைத் தோற்றத்திற்காகத் தோலின் நலத்தை இழப்பது பொருந்தாது. அக்ரிலிக் பசையும், சில திரவப் பசைகளில் உள்ள இரப்பர்ப்பாலும் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். புதிய பசையை முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஓரிரு நாட்கள் பார்த்த பின்னரே நெற்றியில் பயன்படுத்துவது நன்று. நாடாவை உலர்நிலையில் பிய்த்து எடுத்தால் மேல்தோல் உரியும். எஞ்சியுள்ள சொந்த முடியும் வேரோடு வரும். கரைப்பானை விளிம்பில் இட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து மெதுவாக விலக்க வேண்டும். நாடாவின் கீழ் வியர்வை தேங்கினால் தோல் ஊறிப் புண்ணாகலாம் என்பதால், தோலைக் காற்றோட்டமாக விடும் இடைவேளைகளும் தேவை.

வேதிச்சிகிச்சை பெறுவோரின் தோல் மென்மையாகியிருக்கும். நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்திருக்கும். இவர்கள் பசையும் நாடாவும் இன்றி, பருத்தி உள்தொப்பியின்மீது தளர்வாகப் பொருந்தும் பொய்முடியை அணிவது பாதுகாப்பானது. அவ்வாறு ஒட்டப்படாத விளிம்பை முன்முடிகளைச் சற்றே நெற்றிமேல் விழவிட்டோ முக்காட்டினாலோ மறைக்கலாம். இவ்வகை முடியிழப்பு பெரும்பாலும் தற்காலிகமானது. மீண்டும் முளைக்கும் முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும்.

முடியின் மூலம்

உலகச் சந்தையில் உள்ள மனிதமுடிப் பொய்முடிகளுக்கான முடியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செல்கின்றது. திருப்பதி, பழனி, திருத்தணி முதலிய கோயில்களில் காணிக்கையாகச் செலுத்தப்படும் முடி ஏலத்தில் விற்கப்படுகின்றது. ஒரே தலையிலிருந்து மழிக்கப்பட்ட முடியில் வேரும் நுனியும் திசைமாறாமல் இருப்பதால், முடியின் செதில்கள் ஒரே திசையில் அமைந்து சிக்கு விழுவதில்லை. வீடுவீடாகச் சேகரிக்கப்படும் சிக்குமுடியில் இத்திசை குலைந்திருக்கும் என்பதால் அதன் மதிப்பு குறைவு.

2004ஆம் ஆண்டில், இந்தியக் கோயில் முடியாலான பொய்முடிகளை யூதப் பெண்கள் அணிதல் ஆகாது என்று யூத மதகுரு யோசெஃப் சாலோம் எலியாசிவ் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பொய்முடிகள் எரிக்கப்பட்டன. நெற்றியோரத்தில் இயற்கையாகத் தோன்றும் ஒவ்வொரு முடியும் வேறொருவர் தலையில் வளர்ந்தது என்பதை அந்நிகழ்வு உலகிற்கு நினைவூட்டியது.

சமூக நோக்கு

பொய்முடி அணிவதும் அணியாதிருப்பதும் தனிநபர் விருப்பம் ஆகும். திரையில் பொய்முடியுடன் தோன்றும் நடிகர் ரசினிகாந்து, பொது நிகழ்ச்சிகளில் தமது இயல்பான தலையுடனேயே தோன்றுவது பலரும் அறிந்தது. முழுமையான முன்முடிக்கோட்டை எந்த நுட்பமும் தருவதில்லை. சற்று ஏறிய நெற்றி, சற்றுக் குறைந்த அடர்த்தி, சற்று வேறுபட்ட இரு பக்கங்கள் ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளும் பொய்முடியே பார்ப்பவரின் கண்ணை உறுத்தாமல் இருக்கின்றது.