ரத்தத்து இரும்பும் காந்தமும்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1845-இல் மைக்கேல் ஃபாரடே கண்ணில் பட்டதையெல்லாம் மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். மரத்துண்டு, ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என்று போன அந்த வரிசையில் உலர்ந்த ரத்தமும் வந்தது. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இழுக்கவில்லை.

காரணம் தெரிய 91 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பாசடேனாவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-இல் ரத்தத்து இரும்பைத் தாங்கும் புரதமான ஹீமோகுளோபினை இரண்டு நிலைகளில் அளந்தார்கள். கரைசல் நிரப்பிய குழாயைத் தராசில் கட்டி, காந்த முனைகளுக்கு இடையே தொங்கவிட்டு, காந்தத்தை இயக்கும்போது எடை கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபினைக் காந்தம் இழுத்தது. கணக்கிட்டால் ஒவ்வோர் இரும்பு அயனியிலும் இணை சேராத எலக்ட்ரான்கள் நான்கு. ஆக்சிஜன் ஏறியதும் அந்த எண்ணிக்கை பூஜ்யம்! ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இணையாத எலக்ட்ரான் இரண்டு உண்டு என்பதை நினைத்தால் விசித்திரம் இன்னும் கூடும். நான்கும் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது.

இதற்கு விளக்கம் பிளஸ் டூ வேதியியலின் அணைவுச் சேர்மப் பாடத்திலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட்டை, நீரில் கரைத்தால் இரும்பு அயனியை ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் சூழ்ந்துகொள்கின்றன. அயனியின் ஐந்து d ஆர்பிட்டால்களில் ஆறு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இப்படிச் சூழ்ந்து நிற்கும் மூலக்கூறுகளான ஈனிகளின் புலம் இந்த ஐந்தையும் கீழே மூன்று, மேலே இரண்டு என்று பிரிக்கிறது. நீர் வலுக்குறைந்த ஈனி என்பதால் பிளவு சிறியது. கீழே ஜோடி சேர்ந்து நெருக்கியடிப்பதைவிட மேலே ஏறுவதே எலக்ட்ரான்களுக்குச் செலவு குறைவு. அதனால் நான்கு தனியாக நிற்கின்றன, காந்தம் இழுக்கிறது. நீர் இருந்த இடங்களில் சயனைடைப் பொருத்திப் பாருங்கள்: வடிவம் அதே எண்முகிதான், ஆனால் பிளவு பெரிதாகி ஆறு எலக்ட்ரான்களும் கீழே ஜோடி சேர்கின்றன. காந்தம் இழுக்கும் பாராகாந்தம், காந்தம் விலக்கும் டயாகாந்தமாகிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கணக்குக்குத் தாவிவிடும். எனக்குச் சுவையாகப் படுவது இதற்கு அடுத்த படி. மேல் ஆர்பிட்டால்கள் ஈனிகளை நேராகப் பார்த்து நிற்பவை. அவற்றில் எலக்ட்ரான் இருந்தால் ஈனிகள் தள்ளி நிற்கும், அயனி பெருத்துவிடும். ஆறு ஈனிகள் சூழ்ந்த ஃபெரஸ் அயனியின் ஆரம், நான்கு எலக்ட்ரான்கள் தனியாக நிற்கும் உயர் சுழற்சியில் சுமார் 78 பிக்கோமீட்டர், எல்லாம் ஜோடி சேர்ந்த தாழ் சுழற்சியில் 61. ஹீமோகுளோபினில் நான்கு நைட்ரஜன்கள் கொண்ட தட்டையான ஹீம் வளையத்தின் நடுவில் இரும்பு உட்கார வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது பெருத்த இரும்பு, ஐந்தாவது ஈனியான ஹிஸ்டிடின் இருக்கும் பக்கமாக, தளத்தைவிட்டுச் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறு போட்டால் வரும் ஒரு கூறில் பாதிகூட இல்லை. ஆக்சிஜன் ஆறாவது ஈனியாக வந்து சேர்ந்ததும் இரும்பு சுருங்கித் தளத்துக்குள் நகர்கிறது. கூடவே ஹிஸ்டிடினையும் அது கோத்திருக்கும் புரதச் சங்கிலியையும் இழுக்கிறது. அந்த இழுப்பு அதே ஹீமோகுளோபினின் மற்ற மூன்று ஹீம்களும் ஆக்சிஜனை எளிதாகப் பற்றும்படி மூலக்கூறையே திருப்பிவைக்கிறது என்று மாக்ஸ் பெரூட்ஸ் 1970-இல் விளக்கினார். கரி அடுப்புப் புகையின் கார்பன் மோனாக்சைடும் இதே ஆறாவது இடத்தில்தான் உட்காருகிறது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன்.

ஆக்சிஜனின் இரண்டு எலக்ட்ரான்கள் எங்கே போயின என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. இரும்பு தன் எலக்ட்ரான் ஒன்றை ஆக்சிஜனுக்குத் தந்துவிடுகிறது, இருபுறமும் மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியில் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன என்று 1964-இல் ஜோசப் வைஸ் சொன்னார். பாலிங் கடைசிவரை ஏற்கவில்லை.

ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று காந்த வளையல் விற்பவர்களுக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை. ரத்தத்தில் பெரும்பகுதி நீர். ஆக்சிஜன் இழந்த ரத்தத்தைக்கூட மொத்தமாகப் பார்த்தால் காந்தம் லேசாக விலக்கவே செய்யும். ஆனால் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இழந்த ரத்தத்துக்கும் உள்ள சிறு வேறுபாடு எம்.ஆர்.ஐ. கருவிக்குப் போதும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிரையைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்துச் சமிக்ஞையை மங்கவைக்கிறது என்று 1990-இல் செய்ஜி ஒகாவா குழு எலி மூளையில் காட்டியது. மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கினால் அங்கே தேவைக்கு மேல் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பாய்கிறது, படம் பளிச்சிடுகிறது. நரம்பு செல்கள் மில்லிவினாடிகளில் வேலையை முடித்துவிடும். ரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடிகள் ஆகும். செய்தித்தாளில் வரும் வண்ண மூளைப் படங்களை அந்தத் தாமதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.