இறக்குமதி பறித்த வேலையும் ஈ.எஸ்.ஐ. தரும் தொகையும்

மலிவான வெளிநாட்டுச் சரக்கினால் வேலையிழந்த தொழிலாளிக்கு, அந்தக் காரணத்தையே தகுதியாகக் கொண்டு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அளிக்கும் சட்டத்தை அமெரிக்கா 1962இல் இயற்றி, 1974இல் விரிவாக்கி, 2022 ஜூலையில் காலாவதியாக விட்டுவிட்டது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இருந்ததே இல்லை. பொருளாதாரத் தாராளமயத்தை ஒட்டி 1992இல் உருவான தேசியப் புதுப்பிப்பு நிதியும் பெரும்பாலும் பொதுத்துறை ஊழியர்களின் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று.

ஆகவே வடசென்னையில் தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பகுதியில் இறக்குமதியால் ஓர் ஆலை தள்ளாடினால், அரசின் கை முதலில் நீள்வது முதலாளியை நோக்கித்தான். அயல்நாட்டு நிறுவனம் தன் நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே சரக்கைக் கொட்டுவது மெய்ப்பிக்கப்பட்டால் விதிக்கப்படும் கூடுதல் சுங்கமே பொருள்குவிப்புத் தடுப்பு வரி. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். ஈடுபட்டுள்ள டயர்த் தொழிலின் பொருட்டு, 2017இல் சீன லாரி, பஸ் ரேடியல் டயர்கள்மீது இவ்வரி விதிக்கப்பட்டது. இதற்கான 1995ஆம் ஆண்டு விதிகள், உள்நாட்டுத் தொழிலுக்கு நேர்ந்த பாதிப்பை அளக்கும் அளவுகோல்களில் வேலைவாய்ப்பையும் கூலியையும் சேர்த்திருக்கின்றன. அதாவது போன வேலைகள் வழக்குக்குச் சான்றாகின்றன. தீர்ப்பின் பயன் மட்டும் வேலை போனவரின் வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

அவருக்கு எஞ்சுவது ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர், காண்ட்ராக்ட் தொழிலாளர் உட்பட, இதில் அடங்குவர். தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் வசூலிக்கப்படுகின்றன. 2018 ஜூலையில் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டுவரும் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம், வேலையிழந்தவருக்குச் சராசரி நாட்சம்பளத்தில் பாதியை, வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை வழங்குகிறது. நாளுக்கு 600 ரூபாய் ஈட்டியவருக்கு 300 வீதம் மொத்தம் 27,000 ரூபாய் கிடைக்கும். இதற்கு இரண்டாண்டு காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் அக்டோபர் முதல் மார்ச் வரையும் கணக்கிடப்படும் அரையாண்டுகளில், வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். சிறு பட்டறைகளில் ஆறு மாதம் உழைத்தவருக்கு ஏட்டில் அறுபது நாள் மட்டும் காட்டப்பட்டால், தகுதி அங்கேயே முறிந்துவிடும்.

ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போயிருந்தால், 2005 முதல் நடைமுறையில் உள்ள ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் இதைவிட மேலானது: முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும், குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் அதில் உண்டு. ஆனால் இறக்குமதிப் போட்டியில் நலியும் நிறுவனங்கள் கதவை நேரடியாக மூடுவதைவிட, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி ஆட்களைக் குறைப்பதையே விரும்புகின்றன. விருப்ப ஓய்வு பெற்றவருக்கோ இரு திட்டங்களிலும் இடமில்லை. பெயரளவில் மட்டுமே விருப்பமான ஓர் ஓய்வை உண்மையான விருப்பமாகவே சட்டம் எடுத்துக்கொள்வது, இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

அதே கையெழுத்தால் வேறு சிலவும் கைநழுவும். முறைப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகச் சேர வேண்டும்; 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி, மறுதிறன் நிதியிலிருந்து மேலும் 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். விருப்ப ஓய்வுத் தொகை பெரிதாக இருந்தால் அதை ஏற்பதில் தவறில்லை. எனினும் கையெழுத்திடும் முன், ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ தம் சந்தா நாட்களைச் சரிபார்த்து, விருப்ப ஓய்வுத் தொகையையும் அதனால் இழக்க நேரும் தொகையையும் தொழிலாளர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.