தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்குமுன்

வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைக்கும் பெண்களுக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் சவர்க்காரம் நுரைக்காது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை மங்கிப்போகும். முழுகினால் தலைமயிர் சிக்குப்படும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. இதைத்தான் பாடசாலையில் வன்னீர் என்று படித்தோம்.

இடப்பெயர்வுக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் குடியமர்ந்த வீடுகளின் படலைக்கு விற்பனை முகவர்களும் வருவதுண்டு. "அக்கா, இந்தத் தண்ணியைக் குடிச்சால் பிள்ளையளுக்குக் கிட்னியில கல்லு வரும்" என்று தொடங்குவார்கள். மாதத் தவணைப் படிவத்தில் வந்து முடிப்பார்கள். ஒருவர் உழைப்பில் ஓடும் குடும்பத்துக்கு, அதுவும் ஏற்கெனவே நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, இது சிறிய முடிவல்ல.

சிலர் உங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் கபில நிறமாகும். அவர்கள் கொண்டுவந்த தண்ணீரோ தெளிவாகவே இருக்கும். பார்த்ததும் வயிறு கலங்கும். ஆனால் அந்த நிறம் கிணற்று அழுக்கல்ல, கரைந்துபோன இரும்புக் கம்பி. தாதுப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இல்லாததில் பாயாது, அவ்வளவுதான். அவர்களுடைய தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள்.

வன்னீர் தொந்தரவு தருவது உண்மை. இலங்கையின் குடிநீர்த் தரமும் மொத்த வன்மையை லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு உட்படுத்தச் சொல்கிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வகுக்கவில்லை. எமது கிணறுகளில் நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று அது. இதற்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் மாவு கரைத்துப் புட்டிப்பால் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். மென்மையாக்கும் இயந்திரமும் அதை அகற்றாது. வவுனியாப் பக்கத்துக் கிணறுகளில் காணப்படும் புளோரைட்டையும் அகற்றாது, கிருமியையும் கொல்லாது.

ஆகவே முதற் செலவு இயந்திரத்துக்கல்ல, பரிசோதனைக்கு. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். எந்தப் போத்தலில் எப்படி எடுப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வழி சொல்வார். வன்மை, நைத்திரேற்று, குளோரைட்டு, கிருமி ஆகிய நான்கையும் கேளுங்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அதன் தாங்கிக்குள் சிறு மணிகளாகப் பிசின் இருக்கும். அது கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலாகச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடும். 100 மில்லிகிராம் வன்மை நீங்கினால் ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 300 மில்லிகிராம் வன்மையுள்ள கிணறென்றால் லீற்றருக்கு 138 மில்லிகிராம். வீட்டில் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ள ஆச்சி இருந்தால், கைக்குழந்தை இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீர் வேண்டாம். குசினிக் குழாயை இயந்திரத்தில் இணைக்காமல் தனியாக விடச் சொல்லுங்கள்.

பிசின் களைத்ததும் உப்புக் கரைசலால் கழுவவேண்டும். உப்புச் செலவு மாதாமாதம் வரும். முகவர் வாயால் இது பெரும்பாலும் வராது. கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கிணற்றடி வாழைக்கு விட்டால் வாழை கருகும். எமது நிலத்தில் கிணற்றுக்கு அருகே விட்டால் அது கல்லினூடாக இறங்கி அதே கிணற்றுக்கே திரும்பிவரும்.

ஆர்.ஓ. இயந்திரம் வன்மையையும் நைத்திரேற்றையும் பெருமளவு குறைக்கும். ஆனால் வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை தரும் தண்ணீரைவிடக் கழிக்கும் தண்ணீர் அதிகம், மென்சவ்வும் மாற்றவேண்டும். குழாயில் மாட்டும் காந்தக் கருவிக்குக் காசு கொடுக்கவேண்டாம். அதைத் தாண்டி வரும் தண்ணீரிலும் அதே அளவு கல்சியம் இருக்கும்.

தொந்தரவு கேத்தலோடும் சலவையோடும் நின்றால் இயந்திரமே தேவையில்லாமற் போகலாம். கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் தற்காலிக வன்மை குறைந்துவிடும். படிந்த கல்லைத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கரைக்கும். சலவைக்குச் சவர்க்காரக் கட்டியைவிடச் சலவைத்தூள் நன்கு வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதற் தண்ணீரை ஓடவிட்டுப் பீலியில் பிடித்து மூடிவைத்தால் தலை முழுக அதைவிட மென்மையான நீர் கிடையாது. கடற்கரைப் பக்கத்துச் சவர்த் தண்ணீருக்கு மட்டும் கொதிக்கவைப்பது உதவாது.

எல்லாம் பார்த்தபின்பும் வாங்குவதென்றால், உங்கள் பரிசோதனை அறிக்கையைக் கடைக்காரரிடம் கொடுத்து, எந்த அளவு இயந்திரம், மாதம் எத்தனை கிலோ உப்பு, பிசின் மாற்றும் காலம், திருத்துபவர் எங்கிருந்து வருவார் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். தவணையென்றால் மொத்தமாகக் கட்டும் தொகையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முற்பணம் கொடுக்கவேண்டாம்.